நான் தலை முறித்த ஐந்து கன்றுகள்

நான் வேலை செய்யும் காஸ் ஸ்டேஷன் கடையில், காசு வாங்குகிற இடத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு அலுமாரி இருக்கிறது. அதன் கதவில் ஒரு படமும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. சொக்லேற்றும் சிப்ஸும் லொத்தர் ரிக்கெற்றும் வெளிச்சம் போட்டு ஆட்களைக் கூப்பிடுகிற கடையில் இது மட்டும் வாய் மூடி நிற்கும். யாராவது கேட்டால்தான் திறக்கலாம். சிகரெட் பெட்டியை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். கனடாவில் அதுதான் சட்டம். நல்ல சட்டம்தான். புகை குடித்து நெஞ்சு பழுதாகிச் செத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும், அந்தக் கதவைத் திறந்து மூடும்போது எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவன். எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் அது மணக்கும். அதை ஒளித்து வைக்கிற சாமான் என்று அங்கே ஒருவரும் நினைத்ததில்லை.

பிள்ளைகள், இதை நான் எழுத வந்ததற்குக் காரணம் வேறு. என்னுடைய மகள் ஆரணியும் மகன் கவினும் செப்ரெம்பர் மாதம் முழுக்கச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர், "இதை அப்படியே எழுதித் தாங்கோ, வகுப்பு மலரிலை போடுவம்" என்று சொல்லிவிட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஊரில் என் அண்ணனின் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலதையும் விளக்கி எழுதுகிறேன்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் ஆரணி சொன்னாள், "அப்பா, ஆர் வந்தாலும் நயாகரா. ஆர் போனாலும் நயாகரா. எனக்கு அந்தத் தண்ணியைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு." அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பழைய மிஷனைப் பார்க்க வேண்டும் என்றாள். ரொறன்ரோவிலிருந்து வடக்கே, ஜோர்ஜியன் குடாப் பக்கம், இரண்டு மணித்தியால ஓட்டம். மிஷன் என்றதும் எனக்கு நான் படித்த பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு காலத்தில் மிஷன்காரர் கட்டியது. வெள்ளைச் சுவர், பெரிய மணி, வேப்பமர நிழல். அதுமாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டு, என் மனைவி வதனி கட்டிய புட்டுப் பார்சலோடு நாலு பேரும் வெளிக்கிட்டோம்.

போய்ப் பார்த்தால் அது மரக்கட்டைகளை நெருக்கி நட்டு வேலி அடைத்த ஒரு சிறு கோட்டை மாதிரி இருந்தது. ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முன்னர் பிரான்ஸிலிருந்து வந்த பாதிரிமார், வெண்டாட் என்கிற முதற்குடி மக்களின் நாட்டுக்கு நடுவில் அதைக் கட்டியிருக்கிறார்கள். வேலிக்குள்ளே ஒரு பக்கம் மண் தரை போட்ட சின்னத் தேவாலயம், தச்சுப்பட்டறை, பாதிரிமார் படுத்த அறைகள். மற்றப் பக்கம் மரப்பட்டையால் மூடிய நீளமான வீடு. அதில் பல குடும்பங்கள் வரிசையாக இருந்து சமைத்து வாழ்வார்களாம். பாதிரிமார் வந்தபோது அவர்களோடு நோயும் வந்தது. ஊர் ஊராகச் சனம் செத்தது. பிறகு சண்டை வந்தது. கடைசியில் பாதிரிமார் தாங்கள் கட்டிய மிஷனைத் தாங்களே கொளுத்திவிட்டு, மிஞ்சிய வெண்டாட் மக்களோடு ஒரு தீவுக்குப் போனார்களாம். இப்போது நிற்பது பிற்காலத்தில் அதே இடத்தில் திருப்பிக் கட்டியது. வெண்டாட் மக்களோ சிதறிப் போய், ஒரு பகுதியினர் கியூபெக்கில் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஆரணிதான் நடந்து நடந்து எனக்குச் சொன்னாள். தேவாலய வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றியதைப் பார்த்து அங்கே நின்ற வேலையாள், கால் நோகிறதா, கதிரை வேண்டுமா என்று கேட்டான். கடவுளுக்காக என்று சொல்ல நினைத்து, நான் "நோ, கோட்" என்று மேலே காட்டினேன். அவன் மேலே பார்த்துவிட்டு, கூரை பாதுகாப்பானது, பயப்பட வேண்டாம் என்றான்.

நீள வீட்டுக்குப் பின்னால் தோட்டம். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டிருந்தார்கள். சோளத்தில் அவரை ஏறும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். நல்ல மூளைதான் என்று நினைத்தபடி மூலைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். காற்று மாறியபோது ஒரு மணம் வந்தது. அந்த மணத்துக்கு எனக்கு ஒருவரும் பெயர் சொல்லத் தேவையில்லை. அங்கே ஐந்து புகையிலைக் கன்றுகள் நின்றன. எங்கள் சாதி இல்லை. எங்களுடையது ஆளுயரம் வளரும், பூ இளஞ்சிவப்பு. இது இடுப்பளவுதான், இலை வட்டம், பூ மஞ்சள். ஆனால் தொட்டால் விரலில் ஒட்டுகிற பிசின் அதே பிசின்தான். ஐந்து கன்றும் உச்சியில் பூத்து நின்றன.

புகையிலையைப் பூக்க விடக்கூடாது, பிள்ளைகள். பூ வந்தால் சத்து முழுக்க அங்கே போய், இலை கடதாசி மாதிரி மெலிந்துவிடும். அதனால் மொட்டு வரும்போதே உச்சியை முறித்துவிடுவோம். அதைத் தலை முறிப்பது என்போம். பிறகு இலைக் கக்கத்தில் பக்கத் துளிர் வரும். அதற்குப் பெயர் கெட்டு. கிழமைக்கு ஒருமுறை கெட்டு முறிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போக முதல் இருநூறு முந்நூறு கன்று முறித்துவிட்டுத்தான் நான் கை கழுவுவேன். எவ்வளவு தேய்த்தாலும் பிசின் போகாது. காலைச் சாப்பாடு கைக்கும். அந்த வேலையை நான் ஒருநாளும் விரும்பிச் செய்ததில்லை. ஆனால் விரலுக்கு விருப்பம் தெரியாது. பூத்த கன்றைக் கண்டதும் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே போயின. டக், டக், டக்.

"இஞ்சரப்பா, என்ன செய்யிறியள்?" என்று வதனி பின்னால் நின்று கேட்டாள்.

"இஞ்சை பார், எல்லாத்தையும் பூக்க விட்டு வைச்சிருக்கினம். ஒருத்தருக்கும் தெரியேல்லைப் போல."

"ஆற்றையேன் தோட்டத்திலை உங்களுக்கென்ன வேலை?"

"ஒரு உதவிதானே!" என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது தலையையும் முறித்தேன்.

ஆரணி ஓடி வந்தாள். "அப்பா! யூ கான்ட் டச் தட்! போர்டிலை போட்டிருக்கல்லோ!" அப்போதுதான் காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகையைக் கண்டேன். அதற்குள் ஒரு பெண் வாளியோடு வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். நரைத்த நீளப் பின்னல். அவர்தான் அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கிறவர், பெயர் லொரெய்ன் என்று பிறகு அறிந்தோம். நான் சிரித்துக்கொண்டு, "குட், குட். நவ் லீஃப் பிக்" என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் நன்றி சொல்லப் போகிறார் என்று உண்மையாகவே நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் என்னை ஏசவில்லை. முழந்தாளில் இருந்து, மண்ணில் கிடந்த பூந்தலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். பிறகு ஆரணியைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். ஆரணியின் முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, உது விதைக்கு விட்டதாம். இவ்வளவுதானாம். வேறை எங்கையும் இல்லையாம்."

லொரெய்ன் சொன்னதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னாள். லொரெய்ன் வெண்டாட் இல்லை, அந்தப் பக்கத்து அனிஷினாபே இனம். கியூபெக்கில் இருந்த ஒரு வெண்டாட் பெரியவர், தங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த புகையிலை விதையை, முன்னோரின் மண்ணில் ஒருமுறை முளைக்கட்டும் என்று அவரிடம் கொடுத்திருக்கிறார். பிறகு அந்தப் பெரியவர் செத்துப்போனார். அவருடைய வீடும் தோட்டமும் கைமாறிவிட்டன. அங்கே இப்போது விதை இல்லை. ஒக்ரோபர் முதற்கிழமை அவருடைய மகள் மரி வந்து விதையைத் திருப்பி எடுத்துப் போவதாகப் பேச்சு. இருந்த விதை முழுவதையும் இந்த வருடம் போட்டதில், ஜூன் மாத மழையில் நாற்று அழுகி, தப்பியது ஐந்தே ஐந்து. அந்த ஐந்தின் தலைதான் அவர் மடியில் கிடந்தது. நான் "சொறி, சொறி" என்று முணுமுணுத்தேன்.

"சொறி சொல்லுங்கோ அப்பா."

"சொன்னனானே."

"இல்லை, றியலி சொல்லுங்கோ."

நான் தள்ளிப் போய் ஒரு மரக்கட்டையில் இருந்தேன். வதனி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அதை அப்படியே பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள், என்னுடைய சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட இன்றுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எனக்குப் பதினைந்து வயதில் சண்டை எங்கள் ஊருக்கு வந்தது. மழை நாள். சனமெல்லாம் வெளிக்கிட்டது. புகையிலை நாற்று மேடை போடுகிற காலம். ஐயா, அதாவது என் அப்பா, வண்டிலில் சாமான் ஏற்றிக்கொண்டு, "விதைப் போத்தலை எடுத்துக்கொண்டு வா" என்று என்னிடம் சொன்னார். குசினிக்குள் இறாக்கைத் தட்டில், சாம்பலோடு கலந்து அடைத்து வைத்த போத்தல். நான் உள்ளே போனேன். வழியில் என்னுடைய சைக்கிள் பம்ப் கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒதுங்கியபோது ஐயா கேட்டார். நான் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அடிக்கவில்லை. "சரி, விடு" என்றார். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. அதற்குப் பிறகு ஐயா மற்றவர்களின் விதையைத்தான் நட்டார். இலை நன்றாகத்தான் வந்தது. ஆனால் கன்றைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று குறைவாக இருக்கும். அதற்குக் காரணம் நான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு பரம்பரை விதையைத் தொலைத்தவன், இங்கே வந்து இன்னொரு சனத்தின் விதையையும் முறித்துப் போட்டுவிட்டேனே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டு காருக்குள் ஏறியிருந்தால் கதை அவ்வளவுதான். ஆனால் விரல் நுனியில் இருந்த பிசின் ஒன்றை நினைப்பூட்டியது. ஊரில் ஆடு கடித்த கன்றும் காற்றுக்கு முறிந்த கன்றும் அதோடு முடிந்துபோவதில்லை. தலை போனால் கெட்டு வரும். கெட்டை முறிக்காமல் விட்டால் அதுவும் பூக்கும். பூத்தால் காய்க்கும். பிந்தும், ஆனால் விதை விதைதான்.

நான் எழும்பிப் போய் லொரெய்னுக்கு முன்னால் நின்றேன். என் ஆங்கிலம் கடையில் சாமான் விற்கப் போதும், இதற்குப் போதாது. "ஆரணி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லும் விடாதை" என்றேன். ஒவ்வொரு கன்றிலும் மேல் கெட்டு ஒன்றை மட்டும் விடுவோம், மற்றதையெல்லாம் முறிப்போம், ஒரு மாதத்தில் பூக்கும், இன்னொரு மாதத்தில் காய் முற்றும் என்று சொன்னேன். லொரெய்ன் கண்ணைச் சுருக்கிக் கேட்டார்: "உனக்கு எப்படித் தெரியும்?"

"மை ஃபாதர், ரொபாக்கோ. மை ஃபாதர் ஃபாதர், ரொபாக்கோ."

அவருடைய முகம் மாறியது. உங்கள் மக்களுக்கும் இது புனிதமானதா, எந்தச் சடங்குக்கு வளர்ப்பீர்கள் என்று கேட்டார். அவர்களுடைய மொழியில் புகையிலைக்குப் பெயர் அசேமா. அதை மருந்தாகவும் காணிக்கையாகவும் நினைக்கிறார்கள். யாரிடமாவது ஒரு உதவி கேட்கப் போனாலும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஆரணி என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சுருட்டுக்கு" என்றேன். "வித்துச் சாப்பிடுறதுக்கு."

ஆரணி அதை மொழிபெயர்த்தவுடன் லொரெய்ன் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்த முதற் சிரிப்பு அதுதான். பிறகு கேட்டார், "பூவோடு நின்றது விதைக்கு விட்டது என்று உனக்கு ஏன் விளங்கவில்லை?"

எங்கள் தோட்டத்தில் விதைக்கு விடுகிற கன்றில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும் என்று சொன்னேன். அதைக் கண்டால் சின்னப் பிள்ளையும் கை வைக்காது. இங்கே துணி இல்லை, அதனால் கை போய்விட்டது. லொரெய்ன் நீள வீட்டுக்குள் போனார். வரும்போது ஒரு சிவப்புத் துணி கொண்டு வந்தார். அதைக் கீலங்கீலமாகக் கிழித்து ஐந்து துண்டு ஆக்கினார். தாங்களும் வேண்டுதலுக்குத் துணி கட்டுவதுண்டு என்றார். நான் கெட்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தேன். நெல்லளவுதான் இருந்தன. கவினின் சின்ன விரல்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணியைக் கட்டின.

"பனி எப்ப விழும்?" என்று கேட்டேன்.

செப்ரெம்பர் கடைசியிலும் விழும், ஒக்ரோபர் நடுவிலும் விழும், அது எங்களைக் கேட்டு வருவதில்லை என்றார் லொரெய்ன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். கடை முதலாளியிடம் சொல்லிச் சனிக்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். புட்டு, இடியப்பம், சில நாள் பாண். ஓகஸ்ட்டில் பச்சைப் புழு வந்தது, விரல் மொத்தத்தில். நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பிடித்து வாளித் தண்ணீரில் போட்டேன். கவின் அவற்றுக்குப் பெயர் வைத்துப் பிரியாவிடை சொன்னான். வதனி சொன்னபடி பிள்ளைகள் "லொரெய்ன் அன்ரி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவருக்கு அது பிடித்துவிட்டது. என்னை மட்டும் "மிஸ்டர் ஸ்னாப்" என்று கூப்பிட்டார். டக்கென்று முறிக்கிறவன் என்று அர்த்தம். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் நாள் வீட்டுக்கு வரும் வழியில் என்னோடு ஒரு சொல்லும் கதைக்காத பிள்ளை, இப்போது பின் சீற்றிலிருந்து, "மிஸ்டர் ஸ்னாப், ஏசியைப் போடுங்கோ" என்று பகிடி பண்ணினாள்.

ஒருநாள் நான் லொரெய்னிடம் மனத்தில் கிடந்த ஒன்றைக் கேட்டேன். ஒவ்வொரு செப்ரெம்பர் முடிவிலும் கவின் பள்ளிக்கூடத்துக்கு ஒறேஞ் நிறச் சேட் போடுவான். பல வருடமாக அதை ஏதோ விளையாட்டுக் குழுவின் நிறம் என்றே நினைத்திருந்தேன். முதற்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கிப் போய், தலைமயிரை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்த பள்ளிக்கூடங்களை நினைத்துப் போடுவது என்று ஆரணிதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். அவற்றில் பலவற்றைத் தேவாலயக்காரர்தான் நடத்தினார்கள். எனக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடம் எழுத்தைத் தந்தது. லொரெய்ன் முன்னொருநாள் சொன்னபடி, அவருடைய தாயிடமிருந்து ஒரு மிஷன் பள்ளிக்கூடம் பேச்சைப் பறித்தது. பிறகு ஏன் நீங்கள் பாதிரிமாரின் இடத்தில் வந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"அவர்களுடைய இடமா?" என்றார். "இது எங்கள் ஆட்களுடைய இடம். அவர்கள் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போனார்கள்."

அதைக் கேட்ட பிறகு நான் ஓட்டிப்போகிற ரோட்டையும், மாதாமாதம் வாடகை கட்டுகிற வீட்டையும் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு நாடு தந்தது கனடா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கனடாவுக்கு யார் தந்தது என்று கேட்டதில்லை.

ஓகஸ்ட் கடைசியில் கெட்டுகள் பூத்தன. செப்ரெம்பர் நடுவில் காய் பிடித்தது. பச்சைக் காய். விதை முற்ற இன்னும் பத்து நாள் வேண்டும். அந்த நேரம் பார்த்து வடக்கே உறைபனி விழும் என்று எச்சரிக்கை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. லொரெய்ன் ஆரணிக்குச் செய்தி அனுப்பினார். ஒரு பனி போதும், பிள்ளைகள். காய் கறுத்து, உள்ளே விதை தண்ணீராகிவிடும். நான் வேலை முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடி வந்து, "எல்லாப் பெட்ஷீற்றையும் எடு" என்றேன்.

"என்ரை பெட்ஷீற்றை ஒருத்தருக்கும் தரமாட்டன்" என்றாள் வதனி. "வீட்டிலை இடுப்பிலை கட்டுற உங்கடை சாறங்களைக் கொண்டு போங்கோ. ஊரிலை இருந்து ஆர் வந்தாலும் வேண்டி வேண்டி அடுக்கி வைச்சிருக்கிறியள்."

பொழுது சாய முதல் போய்ச் சேர்ந்தோம். கன்றைச் சுற்றித் தடி ஊன்றி, இரண்டிரண்டு சாறமாகப் போர்த்து, அடியில் மண் அணைத்தோம். அன்று லொரெய்ன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். விடிந்ததும் போனால் புல்லெல்லாம் வெள்ளை. பூசணி இலைகள் வெந்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கின. அவரை போய்விட்டது. நடுவில் என் கட்டம் போட்ட சாறங்கள் ஐந்து கூடாரமாக, நீலமும் பச்சையும் ஊதாவுமாக, பனிப் பொட்டு வைத்து நின்றன. நேரத்தோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இது முதற்குடி மக்களின் பழைய முறையா என்று அந்தப் பெண் ஆரணியிடம் பவ்வியமாகக் கேட்டார்.

"நோ" என்றாள் ஆரணி. "தட்ஸ் மை டாட்'ஸ் சாறம்."

அவள் அதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. எனக்கு அது கேட்டது. கேட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் என் கை முதற் சாறத்தின் நுனியில் இருந்தது. தூக்கினேன். உள்ளே வெதுவெதுப்பு. கன்று பச்சை. காய் பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. லொரெய்ன்தான் தூக்கினார். தூக்கிவிட்டு அவர் போட்ட சத்தத்தில் கோட்டைக்குள் இருந்த வேலையாட்கள் ஓடி வந்தார்கள். வதனியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கவின் சாறத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றி பெற்ற ராசா மாதிரித் தோட்டத்தைச் சுற்றி ஓடினான்.

பிறகு பத்து நாள் நல்ல வெயில். ஒக்ரோபர் முதற் சனிக்கிழமை காய்கள் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே மணல் மாதிரிச் சத்தம் கேட்டது. மரி கியூபெக்கிலிருந்து வந்திருந்தாள். என் வயது இருக்கும். பிரெஞ்சு வாடையோடு ஆங்கிலம் பேசினாள். நடந்ததை லொரெய்ன் அவளுக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கண்டதும், "மிஸ்டர் ஸ்னாப்?" என்று கேட்டாள். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. நான் ஒரு வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு கிளையாகக் கவிழ்த்துத் தட்டினேன். புகையிலை விதை தூளிலும் தூள். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். ஐந்து கன்றிலும் சேர்த்து ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் ஒரு விரல் உயரம் வந்தது. கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். அதைப் பாவினால் ஒரு ஊருக்கே நாற்று வரும். மரி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "பப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு ஆரணியின் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நான் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒருவரின் கையில் விதை போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தலையை முறித்ததால் அடி இலைகள் அந்த வருடம் தோல் மாதிரித் தடித்து விளைந்திருந்தன. அவற்றை நான் வெட்டி, ஊர் முறையில் வாட்டி, நீள வீட்டுக் கூரையில் தொங்கவிட்டிருந்தேன். இப்படி ஒரு இலையைத் தான் கண்டதில்லை என்று லொரெய்ன் மரியிடம் சொன்னார். மரி ஒரு இலையை மணந்து பார்த்துவிட்டு, சுருட்டுக்கும் நல்லது போல என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு கோட்டைக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் கரையில் சிறிதாக நெருப்பு மூட்டினார்கள். அந்த இலையைப் பொடியாக்கி எல்லோருக்கும் ஒரு சிட்டிகை தந்தார் லொரெய்ன். நெருப்புக்குக் கொடுக்க முதல் மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், எந்தப் பாஷையிலும் சொல்லலாம் என்றார். நான் வலது கையை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இடது கை" என்றார். "இதயம் இருக்கிற பக்கம்."

எனக்குக் கை எழவில்லை. கோயிலில் திருநீறு வாங்கவும், ஒருவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுக்கவும் வலது கைதான் என்று என் அம்மா அடித்து வளர்த்த கை அது. சாமிக்கு இடது கையால் கொடுப்பதா? லொரெய்ன் அவசரப்படுத்தவில்லை. மரியும் காத்து நின்றாள். நான் புகையிலையை இடது கைக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு, பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது நாங்கள் செய்வதுபோல, மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நீட்டினேன். தமிழில்தான் சொன்னேன். பொடி நெருப்பில் விழுந்து, எனக்குத் தெரிந்த மணத்தோடு எழும்பிப் போனது.

அடுத்தது பிள்ளைகள். கவின் இங்கே பிறந்தவன். ஒரு யோசனையும் இல்லாமல் இடது கையை நீட்டிப் போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு ஓடினான். ஆரணியும் இடது கையைத்தான் நீட்டினாள். நீட்டியவள் போடாமல் ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய வலது கையை மெதுவாகக் கொண்டுவந்து, முழங்கைக்குக் கீழே வைத்தாள்.